மச்சானைக் கடித்த நாய்

ஆடி 18, திங்கள்

காலையிலிருந்து காற்று. மேகம் தூறப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

இது நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். குட்டையோரப் புறம்போக்கைப் பஞ்சாயத்துச் செலவில் சுத்தம் செய்து, புல் வளர்த்து, சிமெண்ட் பெஞ்சு போட்ட அன்றைக்கே. "மச்சான், மனுசன் நடக்கற எடத்துல நாயும் நடந்தா ஒரு நாளைக்கு ரத்தம் பாக்காம உடாது." மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். புதுப் பஞ்சாயத்துத் தலைவர். என் பேச்சைக் கேட்டுத்தான் புல்வெளி வாசலில் போர்டு வைத்தார்: 'நாய்களைச் சங்கிலியிலோ கயிற்றிலோ கட்டியே கொண்டுவரவும். அவிழ்த்துவிடக் கூடாது.' வாசகம் என்னுடையது. ஏழாவதோடு நின்றவர் எழுதியதா இது என்று பெயிண்டரே கேட்டான். (வாய் திறந்து கேட்கவில்லை. முகத்தில் தெரிந்தது.)

இன்று காலை நடந்தேவிட்டது. பாப்பாத்தியின் நாய் மச்சானின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பாப்பாத்தி ஆடு மேய்க்கிறவள். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது, அந்தக் குட்டையோரம்தான் மேய்ச்சல். ஆடுகள் அடுத்தவன் வெள்ளாமைக் காட்டில் இறங்காமல் மடக்குவது அந்த நாய். பெயர் கருப்பன். நிறம் செவலை.

பார்த்தவன் நான் ஒருவன்தான். மச்சானே பார்க்கவில்லை. பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். மூட்டுவலிக்கு நல்லது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் நாய் தெருவழியே ஓட்டம். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், எப்படீங்க ஆச்சு, எப்படீங்க ஆச்சு என்று. சொன்னேன். கழுத்தில் கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. வேலியோரமிருந்து அம்பு மாதிரி வந்தது. நான் குடையால் ஒரு போடு போட்டேன், இல்லாவிட்டால் தொடையே போயிருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது: "நாயக் கட்டியிருந்துச்சா, அவுத்துட்டதா? நீங்க மிதிச்சீங்களா, அதுவா பாஞ்சுதா?" மச்சான் என் முகத்தைப் பார்த்தார். அவர் முதுகில் கண்ணா இருக்கிறது? நான் சொன்னேன்.

"சும்மா பாஞ்ச நாய்னா வெறி இருக்கலாம். தொப்புளைச் சுத்தி ஊசி போட்டுத்தான் ஆகணும். தெனமும் வாங்க."

கட்டிப்போட்ட நாயை மிதித்து அது கடித்திருந்தால், நாயைக் கவனித்துக்கொண்டே பொறுத்துப் பார்த்திருக்கலாமாம். இதையும் சொன்னார்.

முதல் ஊசிக்கு மச்சான் போட்ட சத்தத்தில் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஆள் எழுந்து நின்றான்.

ஆடி 19, செவ்வாய்

காற்று அப்படியே. டி.வி.எஸ். 50-க்கு பெட்ரோல் போட்டேன். வாங்க வேண்டியவை: மச்சானுக்கு இளநீர், அக்காவுக்கு விரலி மஞ்சள், எனக்கு பிளேடு.

இரண்டாவது ஊசி.

பேக்கரியில் நல்ல கூட்டம். மறுபடி முழுவதும் சொல்லச் சொன்னார்கள், மறுக்க முடியவில்லை. இன்று நாய் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. குடைக்குப் பதில் கடப்பாரை என்று வாயில் வந்துவிட்டது. தறி ஓட்டுகிற பழனிச்சாமி, "ஏனுங் மாமா, நேத்து குடையாட்டம் கேட்டுது? நாளைக்கு துப்பாக்கிங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் அக்கா வீடு. மச்சான் கட்டிலில், வேட்டியைத் தளர்த்திக்கொண்டு. வயிற்றில் ஊசி போட்ட இடம் வீங்கி எலுமிச்சம்பழம்.

அக்கா காபியை வைத்துக்கொண்டே, "இந்தப் பின்னால நடக்கற கூத்த உங்களுக்கு எவன் சொல்லிக் குடுத்தானுங்க?" என்றது.

"வேற ஆரு? உன்ற தம்பிதான். கோயமுத்தூர்ல பெரிய டாக்டரு சொன்னாருன்னான்."

டாக்டர் இல்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். ஆனால் கண்ணாடி போட்டிருந்தார், பேச்சும் டாக்டர் மாதிரியேதான்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை! "ஓடி வந்த நாயிங்காட்டி தப்பிச்சே. ஓடற நாயி முன்னால நடந்தாலும் கடிக்கும், பின்னால நடந்தாலும் கடிக்கும். இவரு கண்ணு தெரியாமப் போயி அது மேல உளுந்திருந்தாருன்னு வெய்யி, இந்த ஊட்டு வாசப்படி நீ மிதிக்க முடியாது சாமி."

காபியில் சர்க்கரை இருந்ததா என்று நினைவில்லை.

ஆடி 20, புதன்

தூறல் நாலு சொட்டு.

மூன்றாவது ஊசி. திரும்பும்போது மச்சான் பின் சீட்டில். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம், "மாப்ள, சித்தெ மெதுவா."

மாலை பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். பாப்பாத்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசப்படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. போர்டுல இப்படிப் போட்டிருக்குதுன்னு சொன்னாங்க. அதுக்கோசரம்தான் ஆட்டுக்கயித்துல பெஞ்சுக்கால்ல கட்டிப்போட்டு ஆட்டுக்கிட்டப் போனேனுங்க. தலைவரு பண்ணாடி உளுந்ததும், நாய அடிச்சே கொன்னுபோடுவாங்களேன்னு நாந்தான் ஓடியாந்து அவுத்துத் தொரத்திப்போட்டேனுங்க."

"கட்டியிருந்த நாயி தெருவுல எப்படீம்மா ஓடும்? கயித்தையும் பெஞ்சையும் இழுத்துட்டா?" வார்டு மெம்பர் ஒருவர். சிரிப்பு.

மச்சான் கையைத் தூக்கினார். "என்ற மாப்ள கண்ணால பாத்தவன். அவன் சொல்லட்டும்."

எழுந்தேன். சொன்னேன். அம்பு, வேலி, குடை எல்லாம். கடப்பாரையை விட்டுவிட்டேன். நன்றாகத்தான் பேசினேன், கை கூடத் தட்டினார்கள். பாப்பாத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. நான் எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தித் திருத்துவேன் என்று காத்திருக்கிற மாதிரி.

முடிவு:
1. சனிக்கிழமை மதியம் ஈரோடு போகிற மஞ்சள் லாரியில் நாயை ஏற்றி, ஆற்றுக்கு அந்தப்பக்கம் இறக்கிவிடுவது.
2. பாப்பாத்தியின் ஆடுகள் இனிப் புல்வெளிக்குள் வரக் கூடாது.

இரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். கத்தரிக்காயில் காரம் அதிகம் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். காரமே இல்லை.

ஆடி 22, வெள்ளி

நேற்று எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஆடி வெள்ளி, அக்கா கோயிலுக்குப் போய்விட்டது. ஆகவே ஊசிக்கு வழக்கம்போல நான்தான். இன்று மச்சான் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷ உறவில் அவர் என் கையைப் பிடித்தது இல்லை. "நீயி இருந்தீங்காட்டி ஆச்சு மாப்ள. வேற எவனும் பாத்திருக்க மாட்டான்" என்றார்.

கையை எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னேரம் பஸ் ஸ்டாப்பில் பாப்பாத்தி. தார் ரோட்டோரம் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள், அங்கே என்ன இருக்கிறது மேய, எருக்கஞ்செடியும் பிளாஸ்டிக் பையும். ஒரு கையில் நாயின் கயிறு. நாயைப் பிடித்தால் ஆடு ரோட்டுக்கு ஓடுகிறது, ஆட்டைத் துரத்தினால் நாய் கழுத்து இறுகுகிறது. ஒரு குட்டி பஸ் சக்கரத்துக்குப் பக்கம் போய்த் திரும்பியது. டிரைவர் திட்டியது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

என்னைப் பார்த்ததும் நாய் வாலை ஆட்டியது. ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

"ஏனுங்க சின்னப் பண்ணாடி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க."

"என்ன?"

"நீங்க அந்தப் பெஞ்சு மேலதானுங்க உக்காந்திருந்தீங்க. கருப்பனுக்குப் பொறை கூடப் பிச்சுப் போட்டீங்க. என்மேல உங்களுக்கு ஏதாச்சும் கோவமுங்களா? நான் எப்பவாச்சும் மருவாதியில்லாமப் பேசிப்போட்டனுங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க, நான் கால்ல உளுந்துக்கறேன். கருப்பன் இல்லீன்னா என்னால இந்த ஆட்ட மேய்க்க முடியாதுங்க. வித்துப்போட்டு மில்லுல கூட்டப் போகோணும்."

பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். அது பல்லடம் பஸ். எனக்குப் பல்லடத்தில் ஒரு வேலையும் இல்லை. போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

கோபமா என்று கேட்கிறாள். காரணம் இல்லாமல் ஒருத்தன் இப்படிச் செய்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்கா வீட்டு வாசப்படிக்காகச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது. முதலில் அதற்காகக்கூட இல்லை. ஆட்கள் ஓடி வந்து நின்றார்கள், எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆடி 23, சனி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

காலை ஆஸ்பத்திரி. வழியில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் மஞ்சள் லாரி நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு சாக்கை விரித்துப் போட்டிருந்தான் கிளீனர். "ஏனுங், நாயி எப்பக் கெடைக்குமுங்க?" என்று எங்களிடமே கேட்டான். மச்சான், "ஊசி போட்டுட்டு வந்தர்றோம்" என்றார். நான் வண்டியை முறுக்கினேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். மூன்று பேரும் போய்விட்டார்கள். வேறு யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை.

மச்சான் படுத்தார். சட்டையைத் தூக்கினார். வயிறு முழுக்கப் பச்சையும் நீலமுமாய்த் தடிப்பு. ஊசி குத்தாத இடத்தை சிஸ்டர் விரலால் தேடினார். மச்சான் கையை நீட்டினார், பிடித்துக்கொள்ள.

நான் பிடிக்கவில்லை.

"சிஸ்டர், சித்தெ இருங்க. மச்சான், அந்த நாயி கட்டித்தான் கெடந்துச்சுங்க. பாப்பாத்தி சொன்னாப்புல, பெஞ்சுக்கால்ல, ரெண்டு முடிச்சுப் போட்டு. அது அதும்பாட்டுக்குப் படுத்திருந்துச்சு. நீங்க பின்னால நடந்து வந்து அதும்மேல கால வெச்சீங்க, நான் பாத்துட்டேதான் இருந்தேன். கயிறு இல்லீன்னது நானாச் சொன்னதுங்க."