தார்ன்பி ஐயரின் பதினோராம் விதி

2006 ஜனவரி 9, திங்கள்

ஆலயம் கட்டி நூற்று முப்பது வருடம் ஆகிறது. விழா மலரில் ஆலயத்தைக் கட்டிய வெள்ளைக்கார மிஷனரி தார்ன்பி ஐயரின் வாழ்க்கையை நான் எழுத வேண்டுமாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேகரச் செயலாளர் — வேறு யார் தலையில் கட்டுவார்கள்? பத்துப் பக்கம். ஈஸ்டர் முடிந்ததும் சிவகாசி அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 19

கப்பல் தச்சரின் மகன். 1871-இல் இருபத்தைந்து வயதில் இங்கே வந்தார். ஒன்பது வருடம் இருந்தார். பள்ளிக்கூடம், கிணறு, ஆலயம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. பிறகு மேற்கிந்தியத் தீவுகள். அங்கே பிஷப், 1899-இல் ஆர்ச்பிஷப். 1916-இல் மரணம். மனைவி, ஒரு மகள்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று பக்கம்கூட வராது.

பிப்ரவரி 2

அவர் எழுதிய சபை விதிகளைப் பிரதி எடுத்தேன். மொத்தம் பதினாறு. இன்றும் ஆலயத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பதினோராவது: சபைக்கு வெளியே மணம் முடித்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வருடம் 1873.

அந்த விதியைச் சொல்லி ஒருமுறை நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2001 மே. என் தங்கை தங்கபுஷ்பம், சாத்தூரில் நர்ஸாக இருந்தவள். பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்த சங்கிலிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். ஞானஸ்நானம் எடுக்க அவருக்கு விருப்பமில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். அவர் இடம் கேட்டு வந்தார். செயலாளர் என்ற முறையில் மறுப்புக் கடிதம் கொடுத்தேன். அச்சங்குளத்தில் தன் நிலத்தில் புதைத்தார். நான் போகவில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்று. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 3

எழுதவில்லை.

பிப்ரவரி 21

குருமனை பீரோவில், பழைய வரவேட்டின் நடுவே ஒரு கடிதம். 1913. ஆர்ச்பிஷப் தார்ன்பியின் கையெழுத்து. தமிழில் எழுதியிருக்கிறார் — இங்கிருந்து போய் முப்பத்துமூன்று வருடம் கழித்து. அப்படியே பிரதி எடுக்கிறேன்:

“என் குமாரத்தி ஆலிஸ் யூதரான ஒரு வியாபாரியை விவாகம்பண்ணினாள். பிரசவத்தில் மரித்தாள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த விதியையே இவ்விடத்திலும் ஏற்படுத்தியிருந்தேன். ஆகையால் அவளைப் பட்டணத்துப் பொது மயானத்தில் வைத்தார்கள். நான் போகவில்லை. அந்த விதியை எழுதினபோது எனக்கு இருபத்தேழு வயது. அதுவரைக்கும் என் வீட்டார் ஒருவரையும் நான் அடக்கம்பண்ணினதில்லை. பதினோராம் விதியைத் தயவாய் எடுத்துப்போடுங்கள்.”

ஓரத்தில் வேறொரு கை: ‘வாசிக்கப்பட்டது. கோப்பில் வைக்க.’

அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்று வருடம்.

பிப்ரவரி 22

மனைவி ஞானபூரணிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“நான் போனேன்” என்றாள்.

“எங்கே?”

“அச்சங்குளத்துக்கு. உங்க தங்கச்சி அடக்கத்துக்கு. பஸ் ஏறிப் போயிட்டு சாயங்காலம் வந்து உங்களுக்குக் காப்பி போட்டுத் தந்தேன். எங்க போனன்னு நீங்க கேக்கலை.”

கேட்கவில்லை. ஏன் கேட்கலை? தெரிஞ்சிதான் கேக்காம இருந்தேனா? தெரியல. அதுக்கப்புறம் அஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம்.

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கடிதத்தை வைத்தேன். குருவானவர் ஜாபஸ் இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர், இளையவர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “மலர்ல இது வேண்டாமே சார். ஐயர் பேருக்கே ஒரு மாதிரி ஆயிரும்” என்றார்.

மூப்பர் சீனிவாசகம் நேராகக் கேட்டார்: “விதியை இப்ப எடுத்துட்டா, ஏற்கெனவே வெளியே அனுப்பினவுகளுக்கு என்ன பதில் சொல்லுவீக? எங்க அண்ணன் மகளையும் அனுப்பியிருக்கோம். அன்னைக்கு நீங்கதான எழுதிக் கொடுத்தீக?”

அதையும் நான்தான் எழுதினேன். மறந்தே போயிருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மார்ச் 26, ஞாயிறு

பதினொரு பேர். விதியை எடுக்க ஆறு, வேண்டாமென்று ஐந்து. சீனிவாசகம் கடைசியாகக் கை தூக்கினார், எடுக்கத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் மலரில் வரும். கடைசிப் பக்கமாக.

ஏப்ரல் 4

அச்சங்குளம் போனேன். சங்கிலிமுத்து வீட்டில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நாற்காலி போட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

விதி போய்விட்டது, கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்கினால் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றலாம், அப்பா அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம்.

“வேண்டாம் சார்” என்றார். “அன்னைக்கு அவள ஐஸ் பெட்டியில வச்சிட்டு, உங்க கேட்டுல ரெண்டு மணி நேரம் நின்னேன். நீங்க காயிதத்தை ஆள்கிட்ட கொடுத்து விட்டீக. நேர்ல வந்து இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட ஆறியிருக்கும். அவ இங்கனயே இருக்கட்டும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேனா? கேட்க நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

தெரு முனைவரை கூட வந்தார். பஸ் வரும்போது சொன்னார்: “அடுத்த மாசம் அஞ்சாம் தேதி அவ போன நாளு. வாறதுன்னா வாங்க.”

ஏப்ரல் 20

அச்சகத்தில் கொடுத்தாயிற்று. செயலாளர் பொறுப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். குருவானவர் காரணம் கேட்டார். வயதாகிவிட்டது என்றேன்.

மே 5

ஞானபூரணியும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். நிலத்தின் ஓரம், வேப்ப மரத்தடி. சிமெண்ட் மேடை. பெயரில் ஓர் எழுத்துப் பிழை, திருத்தத் தோன்றவில்லை.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், வந்திருக்காக” என்று அவளிடம் சொல்வதுபோல் மேடையைத் தொட்டார் சங்கிலிமுத்து. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், நான் செய்தது தப்பு என்று. அவர் தலையசைத்தார். பிறகு, “ஜெபம் பண்ணுங்க சார்” என்றார்.

நாற்பது வருடம் பள்ளியில் தினமும் ஜெபம் நடத்தியவன். ஞானபூரணிதான் ஜெபித்தாள். முடிவில் நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

சங்கிலிமுத்துவும் சொன்னார். தங்கபுஷ்பம் சொல்கிற மாதிரியே, கடைசியில் கொஞ்சம் இழுத்து.