மிஹாயோ சிரிக்கும்போது

மார்ச் 4, தபோரா

இன்றும் மன்னிப்புக் கேட்டேன். மினி பஸ்ஸில் ஒரு பெண், பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்லி அழுதாள். என் கணவர் மிஹாயோ வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கவாதம் வந்து நான்கு மாதம். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறேன். சிரிப்பும் அழுகையும் மூளையின் அடியில் கிளம்புகின்றனவாம். இடம் பார்த்து அடக்குவது முன்பக்கமாம். நடுவே இருந்த வழி அறுந்துவிட்டது. உள்ளே இருப்பது துக்கம்தான், வெளியே வருவது சிரிப்பு. யார் நம்புகிறார்கள்?

மார்ச் 5

அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8

மாமியார் போய்விட்டார். நாளை அடக்கம். இவருடைய அண்ணன் லுஹெண்டே போனில், "நீ மட்டும் வாம்மா. குழிகிட்ட நின்னு அவன் சிரிச்சான்னா ஊர்ல தலைகாட்ட முடியாது" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் இவர் வெள்ளைச் சட்டையை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பித்தான்கள் மாறிக் கிடக்கின்றன. "எங்கம்மாடி" என்றார். சிரித்தார். பெற்றவளுக்கு மண் போடவிடாமல் இந்த மனுஷனை எப்படிப் பூட்டி வைப்பேன்?

மார்ச் 9

கூட்டிப் போனேன். பெட்டியை இறக்கும் முன்பே தொடங்கிவிட்டது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். லுஹெண்டே என்னைப் பார்த்த பார்வை — ஐயோ, ஏன்தான் கூட்டி வந்தேன்?

அப்போது மாமியார் ஊர் ஹாவுலே அம்மா விறுவிறுவென்று குழிக்குள் இறங்கினாள். ங்கோனி இனத்துக்காரி. அவர்களுக்கும் நியாம்வேசிகளான எங்களுக்கும் தலைமுறையாகக் கேலி உறவு, என்ன கிண்டல் செய்தாலும் கோபிக்கக் கூடாது. சாவு வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"டேய், நியாம்வேசிக் கஞ்சப் பிசினாறிங்களா! கிழவிக்கு இத்தனூண்டு குழியா? காலையே நீட்ட முடியல! அந்த மிஹாயோ ஒருத்தன்தான்டா மனசாரச் சிரிக்கிறான். மத்தவனெல்லாம் கள்ள அழுகை!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. லுஹெண்டேயும்தான். இவர் சிரிப்பு எது, ஊர்ச் சிரிப்பு எது என்று தெரியவில்லை. அடக்கம் நடந்தது. லுஹெண்டே இவர் உள்ளங்கையில் மண்ணை வைத்து, கையைப் பிடித்துப் போடவைத்தார்.

நான்தான் அழுதேன். நான்கு மாதத்தில் முதல் தடவை.

மார்ச் 14

குழாயடியில் இவர் திடீரென்று சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி முறைத்தாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. "அம்மா நெனப்பு வந்திருச்சு அவருக்கு" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.