ஹார்மியர் என்றால் குளம்

ஹார்மியர்
3 நவம்பர் 1979

தம்பி கத்பர்ட்டுக்கு அக்கா எழுதுவது.

நீ நலமாயிருப்பாய். எனக்கு வயிறு எரிகிறது.

மில் வயலில் வீடு கட்டி விற்கிறவர்களின் விளம்பரத் தாளை என் மகள் ரோவீனா கொண்டுவந்து காட்டினாள். “ஹார்மியர் என்றால் பழைய ஆங்கிலத்தில் சாம்பல்நிற எல்லை” என்று, ஊர்ப் பெயர்களை ஆராய்கிற உன் பெயரோடு அச்சிட்டிருக்கிறார்கள். குளத்துக்கும் எல்லைக்கும் அந்தப் பழைய மொழியில் ஏறக்குறைய ஒரே ஒலி, ஆனால் நம் ஊர்ப் பெயரில் இருப்பது குளம்தான் என்று என்னிடம் அடித்துப் பேசியவன் நீதானே? அது தண்ணீர் நிற்கிற வயல், வாங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “மாமாவே எல்லைன்னு எழுதிட்டாரு, சும்மா பயமுறுத்தாதம்மா” என்று சொல்லி வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஏன் இப்படிச் செய்தாய்?

உன் அக்கா
ஹில்டா

லீட்ஸ்
12 நவம்பர் 1979

அன்புள்ள அக்கா,

எடுத்த எடுப்பிலேயே சண்டையா? நான் இரண்டு பொருளையும் எழுதித்தான் கொடுத்தேன். குளம் என்று நான் எழுதியதை அவர்கள் நீக்கிவிட்டார்கள். அச்சான பிறகுதான் எனக்கே தெரியும். அந்தக் குளம் வற்றிப் பல நூற்றாண்டு ஆகிறது. ஊர்ப் பெயருக்குப் பொருள் பார்த்தா வீடு வாங்குவார்கள்? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வாத்து வறுத்து வை.

அன்புத் தம்பி
கத்பர்ட்

ஹார்மியர்
20 பிப்ரவரி 1980

கத்பர்ட்,

பனி உருகியபோதே மழையும் பிடித்துக்கொண்டது. மில் வயல் முழுக்கத் தண்ணீர். ரோவீனா கைக்குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். டிராக்டரில் போய் இறக்கினோம். கீழே தொட்டில் மிதந்துகொண்டிருந்தது.

நேற்று தேவாலயக் கூடத்தில் ஊரே கூடி வீடு கட்டியவர்களைக் கேள்வி கேட்டது. என் தம்பி எழுதியதை ஏன் வெட்டினீர்கள் என்று நானும் எழுந்து கத்தினேன். அவர்களுடைய ஆள் சொன்னான்: “அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே அவருக்கு அனுப்பினோம்மா. குளத்தை எடுத்துட்டோம்னும் சொன்னோம். டாக்டர்னு போட்டிருந்ததைப் பேராசிரியர்னு மாத்துங்க, மத்ததெல்லாம் சரின்னாரு.”

கூடமே சிரித்தது. உனக்காகப் பேச எழுந்தவள் நான், நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

கிறிஸ்துமஸில் என் மேசையில் உட்கார்ந்து வாத்தைத் தின்றபோதுகூட உனக்கு வாய் திறக்கவில்லையே! அது குளம்தான் என்று அப்போதே ரோவீனாவிடம் சொல்லியிருந்தால் குழந்தையையாவது இங்கே தூக்கி வந்திருப்பேனே.

சனிக்கிழமை மறுபடி கூட்டம். வா. நடந்ததை எல்லார் முன்னாலும் நீயே சொல். சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடி. சாப்பிட வீட்டுக்கு வராதே. உன் பெயரை எடுத்தாலே ரோவீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டுப் போய்விடுகிறாள். நானும் எழுந்து அவள் பின்னாலேயே போய்விடுகிறேன்.

ஹில்டா