பிரித்துவிட்ட தையல்

மார்ச் 12, 2025

பங்குனிக் கல்யாணத் துணிகள் கடை முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. அரூருக்கே ஜாக்கெட் தைக்கிறேன், என் நீல ஜாக்கெட் மட்டும் இடது பக்கம் பிடிக்கிறது. நாற்பத்தாறு வயதில் சதை போடாமல் என்ன செய்யும்? தையலைப் பிரித்துக் கால் இஞ்சு விட்டேன். சரியாகிவிட்டது.

ஏப்ரல் 19

மறுபடி பிடிக்கிறது. மறுபடி பிரித்து விட்டேன். வலது பக்கம் அப்படியே இருக்கிறதே? நான் வெட்டியதில்தான் கோளாறு இருக்கும்.

மே 25

இனி விடுவதற்கு உள்ளே துணி இல்லை. ஓசூரிலிருந்து லீவுக்கு வந்த என் மகள் காவியா, நான் ஜாக்கெட் மாற்றும்போது பார்த்துவிட்டாள். தொட்டும் பார்த்தாள். “என்னம்மா இது, கல்லாட்டம் இருக்குது? எத்தன நாளா?”

மார்ச்சிலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்றுத்தான் பார்த்தேன் என்றேன்.

ஜூன் 17

புற்று. தருமபுரி டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம். இப்போது இரண்டு வழி. மருந்து ஏற்றி, கட்டி சுருங்குகிறதா என்று நாலைந்து மாதம் பார்ப்பது. சுருங்கினால் அதை மட்டும் எடுத்துவிட்டு, சேலம் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்வது. இல்லையென்றால் இப்போதே மார்பை முழுசாக எடுத்துவிட்டுப் பிறகு மருந்து ஏற்றுவது. உயிருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார்.

“முழுசா எடுத்துடுங்க டாக்டர்.” சொன்னது இவர், என் வீட்டுக்காரர். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

“தீர்த்தகிரி சார், கொஞ்சம் இருங்க. அம்மா சொல்லட்டும்.”

நான் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். யோசித்துவிட்டு அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

ஜூன் 18

நேற்று பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்காராமல் பெண்கள் சீட்டுக்குப் போய்விட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இன்று கேட்டேன். “உன் நல்லதுக்குத்தான சொன்னன்” என்கிறார்.

நல்லதுக்குத்தான். எனக்குத் தெரியாதா? ஆனா இது என் ஒடம்பு. கோழி வாங்கப் போனாக்கூட முழுசா, பாதியான்னு கடைக்காரன் கேப்பானே! என்னைக் கேக்கத் தோணலியே இந்த மனுசனுக்கு.

ஜூன் 19

அந்த நீல ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் இரண்டு வரிசை. அடுத்தவள் உடம்பில் அரை இஞ்சு கூடினால் டேப் வைக்காமலே சொல்லிவிடுவேன். இருபது வருசமா இந்தப் பொழப்புதான். என் உடம்பில் மட்டும் — ஏன்டி, குருடியா நீ?

ஜூன் 21

கலைமணி டீச்சர் வீட்டுக்குப் போனேன். எட்டு வருடமாக அவருக்குத் தைக்கிறேன். ஒரு தடவைகூட உடம்பில் டேப் வைக்க விட்டதில்லை, பழைய ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுப்பார். இடது பக்கம் உள்ளே நாலு மடிப்புத் துணி வைக்கச் சொல்வார். டீச்சருக்கு ஃபேஷன் முத்திப்போச்சு என்று கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாவி நான்.

எனக்கு வந்திருப்பதைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு முந்தானையை விலக்கிக் காட்டினார். தட்டையாக, கோணலாக ஒரு தழும்பு.

“என்னை யாரும் கேக்கல மாதம்மா. கட்டின்னு மட்டும்தான் சொன்னாங்க. மயக்கம் தெளிஞ்சு கைய வெச்சுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. உன்ன அந்த டாக்டரு கேட்டிருக்காங்க இல்ல? பதில நீயே சொல்லு.”

எதைச் சொல்ல என்று கேட்டேன். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜூன் 24

“முழுசா எடுத்துடுங்க. இது நான் சொல்றது” என்றேன். நிஜமாகவே உங்கள் முடிவுதானா என்று டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார்.

சுருங்குகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இரண்டு தடவை பிரித்து விட்டவள் நான். மூன்றாவது தடவையும் என்னையே ஏமாற்றிக்கொள்வேன். தைரியத்தில் எடுத்த முடிவு இல்லை இது. பயம்தான்.

ஜூலை 3

எடுத்தாயிற்று.

ஜூலை 9

கட்டைப் பிரித்தபோது பார்த்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே எடுத்த முடிவாச்சே, அழுகை வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. ராத்திரி வரை நிற்கவில்லை.

செப்டம்பர் 14

மூன்றாவது மருந்து ஏற்றினார்கள். தலையில் ஒரு முடி இல்லை. இவர் கஞ்சி காய்ச்சித் தருகிறார், வேளைக்கு மாத்திரை எடுத்து வைக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் பேசும்போது சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

ஜனவரி 11, 2026

பொங்கலுக்கு ஐந்து ஜாக்கெட்தான் தைக்க வாங்கினேன். இடது கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. ஐந்தும் முடிந்ததும் எனக்கு ஒன்று தைத்தேன், டீச்சருக்குத் தைப்பது போலவே, உள்ளே நாலு மடிப்புத் துணி வைத்து. போட்டுக்கொண்டு வந்தேன்.

இவர் நிமிர்ந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார். “ஒன்னுமே தெரியல புள்ள. பழையபடியே இருக்குது.”

சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை, மடிப்புத் துணியை.

உள்ளே போய்க் கழற்றி இடது பக்கத்தைப் பிரித்தேன். மடிப்புத் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, உடம்பு இருக்கிறபடி பிடித்துத் தைத்தேன். அதையே போட்டுக்கொண்டு வந்து இவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“பாருங்க” என்றேன்.

காலண்டருக்குப் போன கண் திரும்பி வர நேரமாயிற்று. வந்தது.