குன்னூர்க் கூடை

அம்மா,

நாளைக்கு உங்கள் திதி. இன்று காலை மயிலாப்பூர்ப் பக்கம் போன உங்கள் பிள்ளை, தண்ணித்துறை மார்க்கெட்டிலிருந்து ஒரு பை உருளைக்கிழங்கு வாங்கிவந்து சமையலறை மூலையிலிருக்கும் மூங்கில் கூடையில் கொட்டினார். "நாளைக்கு ஆகாது, நாளன்னிக்குப் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வந்த கறுப்பு மண்ணின் ஈர வாசனை அறை முழுதும் பரவியது. அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் என் அப்பா நினைவு வரும். அவரைத் தனியாக வர விடாமல் பின்னாலேயே நீங்களும் வந்துவிடுவீர்கள்.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எழுதிவிடுகிறேன். புடலங்காயை அரிவாள்மணையில் நீங்கள் நறுக்குவதுபோல் இன்றுவரை எனக்கு வரவில்லை. உங்கள் ரசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கோயிலில் உங்களைப் பார்ப்பவர்கள் எல்லாரும் எனக்கு வாய்த்த மாமியாரை நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். நல்லது அவ்வளவுதான். மீதியை நானும் நீங்களும்தான் அறிவோம்.

நான் குன்னூரிலிருந்து உங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாக வந்தேன். அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸின் பின்புறம் கையகல இடத்தில் கோஸும் காரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் போட்டு வளர்ப்பார். பெண்ணைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்று, தான் விளைவித்ததையே ஒரு கூடை நிறைய அடுக்கி, ராத்திரி முழுக்க ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். சென்ட்ரலில் இறங்கி டிராம் பிடித்து லஸ்ஸுக்கு வந்து, அங்கிருந்து கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்து வந்து உங்கள் வாசலில் நிற்பார்.

முதல் தடவை கூடையைத் திறந்து பார்த்தபோது உங்கள் கையில் காபி டம்ளர் இருந்தது. ஒரு பீட்ரூட்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தீர்கள். விரல் சிவந்துவிட்டது. "ரத்தம் மாதிரி வடியறதே. வெள்ளைக்காரன் திங்கற வஸ்துவை எல்லாம் ஆத்துக்குள்ள ஏத்தப்படாது" என்றீர்கள். அந்தக் காபி எந்த ரிஷியின் தோட்டத்தில் காய்த்தது என்று நான் கேட்கவில்லை. புதுப்பெண். அப்பாதான் சிரித்துக்கொண்டே, "சம்பந்தியம்மா, நாம சாம்பார்ல போடற மிளகாயும் கப்பலேறி வந்ததுதான். மிளகாயும் இந்த உருளைக்கிழங்கும் ஒரே ஊர்க்காரான்னு எங்க தோட்டத்து துரை சொல்வார்" என்றார்.

"மலைமேல இருந்தா குளிர்ல மூளையும் விறைச்சுப் போயிடுமோ" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள், அவரைப் பார்த்து அல்ல. அன்று மத்தியானம் நீங்கள் ஆசையாகச் செய்தது பறங்கிக்காய்க் கூட்டு. பேரிலேயே பறங்கியை வைத்துக்கொண்டிருக்கிற காய். அதில் முந்திரிப் பருப்பு வேறு வறுத்துப் போட்டீர்கள். அதுவும் கப்பல் சரக்குதான் என்று அப்பா பிற்பாடு என் காதில் சொன்னார். கூடை கொல்லைக்குப் போய், பால்காரரின் மாடு தின்றது.

அடுத்த வருஷமும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வருஷமும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணெதிரிலேயே பால்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். கொண்டுவராதீர்கள் அப்பா என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாள் ருசி பார்த்தான்னா விடமாட்டா" என்பார். எனக்கு அந்த வீட்டில் நகையோ புடவையோ வேண்டியிருக்கவில்லை. அப்பா சுமந்து வந்ததை ஒரே ஒரு தடவை அந்த அடுப்பில் ஏற்றி, அவர் இலையில் என் கையால் போட வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது.

அந்த ஆவணி மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மாமனாரின் திவசம் அன்று. நீங்களும் நானும் விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, மடி உடுத்திச் சமைத்துக்கொண்டிருந்தோம். வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். காரத்துக்கு மிளகு. திவசத்தன்று மட்டும் உங்கள் சமையலறையில் மிளகாய்கூட இருக்காது. என் அப்பா சொன்னதை உங்கள் சாஸ்திரமும் சொல்லிக்கொண்டிருந்தது, உங்களுக்குத்தான் காது கேட்கவில்லை.

அப்போது வாசலில் அவர் குரல் கேட்டது.

பாவம், அவர் கணக்குப் பண்ணித்தான் வந்திருந்தார். போன வருஷம் திவசம் எந்தத் தேதியில் வந்தது என்று ஆபீஸ் காலண்டரில் குறித்து வைத்திருந்தாராம். அந்தச் சமயத்தில் போய் நின்று இடைஞ்சல் பண்ணக்கூடாது என்று, பத்துப் பதினோரு நாள் முன்னாலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கிலீஷ் தேதியைப் பிடித்துக்கொண்டார், திதி பெரும்பாலான வருஷங்களில் அவ்வளவு நாள் முன்னால் நகர்ந்து வரும் என்பதை மறந்துவிட்டார். தள்ளிப் போக நினைத்தவர் நேராக அதிலேயே வந்து விழுந்தார்.

நீங்கள் நடைவரை போய், எட்டவே நின்று பேசினீர்கள். கரண்டியும் கையுமாக நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் சம்பந்தி, திதிகூடவா தெரியாது? காலண்டர்ல துரை படத்தையே பார்த்துண்டு இருந்தா இப்படித்தான். இன்னிக்குப் போய் இந்தக் கண்றாவியைத் தூக்கிண்டு வந்து நிக்கறேளே. நிலைப்படி தாண்டிடாதேங்கோ, சமைச்சதெல்லாம் வீணாயிடும். பிராமணா சாப்ட்டு எழுந்திருக்கட்டும், அப்பறம் பார்க்கலாம்."

"தப்புத்தான், மன்னிக்கணும். நான் எதிர்ப்பக்கம் நிழல்ல நிக்கறேன்" என்றார்.

எதிர்ப்பக்கத்தில் நிழல் இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரு ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டில் அவர் நின்றார். கூடையைக் கீழே வைக்கவில்லை, தெருமண் படக்கூடாதாம். என் மாமனாரும் உங்கள் பிள்ளையும் உள்ளே ஹோமப் புகையில் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பிள்ளை ஒரு தடவை தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அவர் மறுபடி தர்ப்பையைப் பார்த்துக்கொண்டார். நான் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். "வெளியில போனா மடி போச்சு. திரும்பி உள்ள வராதே" என்றீர்கள். வடை எண்ணெயில் இருந்தது. நான் போகவில்லை.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, பிண்டம் வைத்து, காக்கைக்குப் போட்டு முடிக்கையில் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். நம் வீட்டுப் படிக்குக் கீழே கூடை இருந்தது. அவர் இல்லை. எதிர்வீட்டு மாமி சொன்னாள்: "வண்டிக்கு நாழியாச்சுன்னு கிளம்பிட்டார்டி. நான் மோர் கொடுத்தேன், வேண்டாம்னுட்டார்."

மறுநாள் எனக்கு வீட்டு விலக்கு. கொல்லைப்புற அறையில் ஒதுங்கியிருந்தேன். எனக்கு மோர்சாதமும் உப்பும் தள்ளிவைத்தீர்கள். சாயங்காலம் பால்காரர் காலிக் கூடையைக் கொண்டுவந்து கொல்லைக் கதவருகே வைத்தார்.

"இன்னா அய்ரூட்டம்மா, கோசு துன்னுச்சு. இந்த செவப்புக் கெயங்க மாடு மோந்துகூடப் பாக்கல" என்றார்.

"உருளைக்கிழங்கை என்ன பண்ணினேள்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுகூட இல்லியேம்மா அதுல. நீயே பாரு, கூட காலியாத்தான் கீது."

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு வீடு நிறையக் குழந்தைகள். போகட்டும், அவர்களாவது தின்றார்களே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கூடையை மட்டும் எடுத்து என் பாயருகில் வைத்துக்கொண்டேன்.

அப்பா அதற்குப் பிறகு வரவில்லை. அந்த மார்கழியில் குளிர்க் காய்ச்சலில் போய்விட்டார். தந்தி காலையிலேயே வந்ததாம். அன்றைக்கு உங்கள் பிள்ளையின் சீனியர் வக்கீல் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. அப்பா போனது என் காதில் விழுந்துவிட்டால் எனக்குத் தீட்டு, நான் அடுப்பைத் தொட முடியாது. அதனால் மாமனாரையும் பிள்ளையையும் வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லிவிட்டீர்கள். நான் பால் பாயசம் கிளறினேன். வக்கீல் மாமி பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு, இலைகளை எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "உங்கப்பா போயிட்டாராம். போய்த் தலைக்கு விட்டுக்கோ" என்றீர்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டாத்தானேடி தீட்டு" என்றீர்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரியில் மனசு மாறும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

பிறகு லஸ்ஸில் ஒரு ஜட்ஜ் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உருளைக்கிழங்கை முறுவலாக வதக்கிப் போட்டார்கள். நீங்கள் பரிமாறுகிறவரை நிறுத்தி மறுபடி போடச் சொன்னதை உங்களுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வாரமே உங்கள் பிள்ளை மார்க்கெட்டிலிருந்து கிழங்கு வாங்கிவந்தார். "ஜட்ஜாத்துலயே பண்றா, நமக்கென்ன" என்று நீங்களே தோலைச் சீவினீர்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் ஒன்றை வாங்கி, தியாகராய நகரில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, கிழங்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அதே மலைக் கிழங்குதான். என் அப்பா தோளிலிருந்து இறங்கினால் தீட்டு, உங்கள் பிள்ளை பையிலிருந்து கொட்டினால் பதார்த்தம். நான் வதக்கினேன், நீங்கள் சாப்பிட்டீர்கள். அப்போதெல்லாம் உங்களுக்கு மனசு உறுத்தியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு ஓரளவு சமாதானம் அடைந்திருந்தேன்.

அந்தச் சமாதானத்தையும் போகிற போக்கில் எடுத்துக்கொண்டுதான் போனீர்கள்.

டாக்டர் கைவிரித்துவிட்டு, ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொன்ன பிறகு, நீங்கள் கேட்டது வேறென்ன. குழைய வதக்கி, தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "உங்கப்பா கொண்டு வருவாரே, அது இன்னும் மாவா இருக்கும்டி. இது அந்த ருசி இல்லை."

கை நின்றுவிட்டது. "நீங்க எப்போ சாப்ட்டேள்?" என்றேன்.

"அதான், அந்தத் திவசத்தன்னிக்கு வெச்சுட்டுப் போனாரே. பால்காரன் வரதுக்குள்ள கிழங்கை மட்டும் எடுத்து வெச்சுண்டேன். மறுநாள் நீ ஒதுங்கியிருந்தியே, அப்போ பண்ணினேன். நானும் மாமாவுமாச் சாப்ட்டோம். நன்னாத்தான் இருந்தது."

"அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே. ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்."

"நன்னாயிருக்கே" என்றீர்கள். "எழுதினா மறுபடியும் தூக்கிண்டு வந்து நிப்பாரே."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தீர்கள், அடுத்த கவளத்துக்கு. கொடுத்தேன். உங்கள் முகத்தில் வெட்கம், வருத்தம், ஏதாவது ஒரு கோடு விழுகிறதா என்று தட்டு காலியாகும்வரை பார்த்தேன். மென்றுகொண்டிருந்தீர்கள். என் அப்பா கொண்டுவந்தது அந்த அடுப்பில் ஏறத்தான் ஏறியிருக்கிறது. பத்தடி தள்ளி நான் மோர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். கிழங்கு ருசித்த செய்தி தெரியாமலேயே அவர் செத்துப்போனார்.

நீங்கள் போன பத்தாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும் என்று பட்சணம் செய்துகொண்டிருந்தோம். உங்கள் பிள்ளை கண் கலங்கி, "அம்மாவுக்கு உருளைக்கிழங்குன்னா உசிரு. கொஞ்சம் வதக்கி வையேன்" என்றார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்த சாஸ்திரிகளிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி, "மாமா, சீமைக் காய் படைக்கலாமோ?" என்று கேட்டேன். "கூடாதும்மா. பித்ரு காரியத்துல மிளகாயையே சேர்க்கறதில்லை" என்றார். உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் கேள்விதானே கேட்டேன்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் உங்கள் திதியை ஒரு குறை இல்லாமல் நடத்திவருகிறேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். இந்தக் காலத்தில் இவ்வளவு மடியாக யார் பண்ணுகிறார்கள் என்று சாஸ்திரிகளே சொல்கிறார். நாளைக்கும் அப்படித்தான். விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வாழைக்காயும் பாகற்காயும் அவரைக்காயும் சமைப்பேன். காரத்துக்கு மிளகு. நீங்கள் சொல்லிக் கொடுத்தது எதையும் மீற மாட்டேன்.

சமையலறை மூலையில் இருப்பது அந்தப் பழைய குன்னூர்க் கூடைதான். மூங்கில் கறுத்துவிட்டது, விளிம்பில் என் புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். திவசத்தன்று அது உள்ளே இருக்கக்கூடாது, அதனால் முந்தின நாள் சாயங்காலமே கொண்டுபோய் வாசல் வராந்தாக் கொக்கியில் மாட்டிவிடுவேன். இப்போதுதான் மாட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வாய்வரை கிழங்கு இருக்கிறது. நல்ல மாவுக் கிழங்கு, ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நாளைக்கு நீங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அந்த வழியாகத்தான் திரும்பிப் போகவும் வேண்டும். பார்த்துக்கொண்டே போங்கள்.