கல் கட்டாத புடலங்காய்

வட்டக்கச்சி,
மார்கழி, 1961.

அன்பு மகள் ஜெகதீஸ்வரிக்கு,

பிள்ளையார் துணை. உடம்பு சுகம் என்று எழுதுவதுதான் முறை, எனக்கும் உடம்பு சுகம்தான், வீட்டுக்குத்தான் சுகமில்லை. உன் அம்மாவும் மோட்சம் போய், நீயும் படிப்பிக்கவென்று பதுளைக்குப் போன பிறகு, இங்கே பேச்சுச் சத்தம் கேட்பது நான் மாட்டை ஏசும்போது மட்டும். உலையில் இன்னமும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தின்கிறேன். நீ அந்தக் குளிரில் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு பள்ளிக்கூடம் ஓடாதே.

உன் கடிதம் வந்து கனநாள். மறுமொழி எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கூடப் படிப்பிக்கிற யோகநாதன் மாஸ்டரைக் கலியாணம் முடிக்க விரும்புகிறேன், தைப்பொங்கலுக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பரமலிங்கம் மாமா உன் அம்மாவின் தமையன், அவரிடம் சொல்லாமல் விட முடியுமா, சொன்னேன். பொடியன் எப்படிப்பட்டவன், குடிக்கிறவனா என்று ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவை ஆர் ஆக்கள் என்று சாதியைத்தான் கேட்டார். சொன்னேன். அவன் உன்ர படலையைத் தாண்டினால் நான் தாண்டமாட்டன், நாளைக்கு நீ செத்தாலும் எங்கட ஆக்கள் ஒருத்தரும் வராயினம், யோசிச்சு நட என்று சொல்லி எழும்பிப் போனவர்தான். வெள்ளிக்கிழமைகளில் வந்து கதைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர், அதுவும் நின்றுபோயிற்று. உனக்கு ஏன் மறைக்கவேண்டும், பயந்துதான் போனேன். தனியே கிடக்கிறவனுக்குத்தான் தன் சாவீட்டுக்கு யார் வருவார்கள் என்ற யோசனை வரும்.

கிணற்றடியில் புடலை போட்டிருக்கிறேன், பந்தல் நிறையக் காய். பிஞ்சுகளின் நுனியில் வழக்கம்போல வாழைநாரால் கல் கட்டித் தொங்கவிட்டேன், நேராக இறங்கினால்தானே சந்தையில் எடுப்பார்கள். அடுத்த காணி ஏரம்பு வேலிக்கு மேலால் பார்த்து, என்ன இளையதம்பியண்ணை, புடலங்காய் எல்லாத்துக்கும் தூக்குத் தீர்ப்போ என்று சிரித்தார். ஒரு பிஞ்சு கல்லின் பாரம் தாங்காமல் அறுந்தும் விழுந்தது. ஒன்று மட்டும் இலைக்குள் ஒளிந்து என் கண்ணில் படாமல், கோபக்காரன் மீசைபோல வளைந்து வளர்ந்துவிட்டது. அதுதான் கொடியின் முதல் காய். முதல் காய் பிள்ளையாருக்கு என்பது உன் அம்மாவின் வழக்கம், கொண்டுபோனேன். மாமாதானே கோவில் மனேச்சர். கோணல் காய் சாமிக்கு ஆகாது, நேரான ஒண்டைக் கொண்டா என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம், உள்ளுக்கு இருக்கிறவருக்குத் தும்பிக்கை வளைவு, கொம்பு முறிவு, வயிறு பானை, அவரையும் வெளியில விடுவமோ என்று கேட்டுவிட்டேன். வெளியே நின்ற ஏரம்பு கெக்கட்டமிட்டுச் சிரித்தார். அந்தக் கோவிலுக்குக் கல் சுமந்த மனிதர், இன்றைக்கும் படிக்கு வெளியே நின்றுதான் கும்பிடுகிறார். இந்தக் குடியேற்றத்தில் எல்லோருக்கும் கிடைத்தது ஒரே அளவு காணி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஏரம்புவின் வயலுக்குள்ளால் வந்துதான் மாமாவின் வயலுக்குப் பாய்கிறது. அதில் விளைந்த நெல்லைப் படைக்கலாம், ஏரம்பு மட்டும் உள்ளே வரக்கூடாது. இது என்ன நியாயம் மகள்?

காயைத் திரும்பக் கொண்டுவந்து பால்கறி வைத்து, அரைவாசியை ஏரம்பு வீட்டுக்குக் கொடுத்தேன். நேரான காயின் ருசிதான். கொடி நேர் கோணல் பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை. மாமா, நான், நீ, உன் யோகநாதன், எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் வளைந்தவர்கள்தான். கடவுள் நார்க்கயிறும் கல்லுமாக நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை, கல் தேடுவது சந்தைக்காரர்தான். மிச்சக் கற்களை அறுத்துப் போட்டுவிட்டேன். வேலிக் கதியால் தடியைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கோணல் காய் கிடக்கிறது, அதை விதைக்கு விட்டிருக்கிறேன்.

ஆகையால் பொங்கலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா. மாமா வரமாட்டார், எனக்கு அது வருத்தம்தான், இல்லையென்று எழுதமாட்டேன். செத்தால் தூக்க ஏரம்புவும் உன் யோகநாதனும் இருக்கிறார்கள், நான் மெலிந்துவிட்டேன், இரண்டு பேரே காணும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், ஒருவர் கோணலை ஒருவர் பொறுத்து நெடுநாள் வாழப் பிள்ளையார் அருள் செய்வார். மறந்துவிடாதே, அன்றைக்கு உலையில் மூன்று பேருக்கு அரிசி போடுவேன், நீங்கள் வராவிட்டால் அந்தப் பழஞ்சோறு முழுவதையும் நான்தான் தின்ன வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஐயா,
க. இளையதம்பி