ஓடும் மோட்டாரிலிருந்து மூன்று அடி

1976 ஆகஸ்டு 2, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. நாடி எழுபது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு நாற்பது நாள். தையல் ஆறிவிட்டது. இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர், சோப்புக் கட்டி அளவுக்குப் புடைப்பு. பனியன் உரசுகிறது. தங்கம் உள்பக்கம் பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

இடது கையைத் தூக்கக் கூடாது. சைக்கிள் அடுத்த மாதம்தான். பரவாயில்லை. முன்பெல்லாம் பஜாருக்குப் போவதற்குள் இரண்டு தடவை கண் இருட்டும். இன்று திருக்கழுக்குன்றம் குளத்தை முழுச் சுற்று. மூச்சு வாங்கவில்லை.

மோட்டார் பட்டறை மட்டும் பூட்டியே கிடக்கிறது.

ஆகஸ்டு 3, செவ்வாய்

மச்சான் வந்தார், தங்கத்தின் அண்ணன். பட்டறையை விற்றுவிட்டு மளிகை வைக்கச் சொன்னார். மோர் குடித்துவிட்டு இன்னொரு முறையும் சொன்னார்.

மெட்ராஸ் டாக்டர் சொன்னது: மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டலாம், ஓடுகிற மோட்டார் மேல் குனியக் கூடாது, அதன் காந்தத்தில் பேஸ்மேக்கர் தடுமாறும். எத்தனை அடி தள்ளி நிற்பது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. தலை சுற்றினால் விலகிவிடு என்றார்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். இருபது வருடமாக மோட்டார் வேலை. அளக்காமல் எதையும் நம்பியதில்லை.

ஆகஸ்டு 4, புதன்

பட்டறை திறந்தேன். எலிப் புழுக்கை, நூலாம்படை. பெருக்கவே ஒரு மணி நேரம்.

பிறகு ஐந்து குதிரைசக்தி மோட்டாரை ஓட விட்டேன். தங்கம் முதலில் முடியாது என்றாள். அப்புறம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்து அடியிலிருந்து மெல்ல முன்னால். ஆறு அடி, சரி. நான்கு, சரி. மூன்று, சரி. இரண்டு.

"நில்லுய்யா. ஒரு துடிப்பு வுட்டுப் போச்சி. பின்னால வா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடி தரை சாய்ந்தது. அவளே பின்னால் இழுத்தாள். நாடி திரும்ப ஒழுங்காக.

மூன்று அடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கோட்டத் தாண்டினா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்டுவேன்."

ஆகஸ்டு 6, வெள்ளி

தூறல், மண் நனையவில்லை. மணமை கிராமத்து ஏகாம்பரம் மாட்டு வண்டியில் கிணற்று மோட்டாரோடு வந்தார். வேறு பட்டறையில் காயில் போய்விட்டது என்றார்களாம். நாற்று காய்கிறது. முகமே சரியில்லை.

காயிலைச் சோதித்தேன். நன்றாகவே இருக்கிறது. கருகிய வாசனையும் இல்லை. இனி ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தினமும் செய்தது. இன்று கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். சுவிட்சைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"காயில் இல்ல. பேரிங்கு. அரைச்சிகினு கீது."

நிறுத்திவிட்டு மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். மணல் போட்டு அரைப்பது போல நறநற. அவள் சொன்னதுதான். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து காயிலுக்கு அடியில் வைக்கும் காகிதம் வெட்டிக் கொடுத்தாள், காயிலுக்கு நூல் கட்டினாள். அவள் காதில் என்ன விழுந்தது என்று நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

"எப்ப அண்ணாத்த வரட்டும்?" என்று ஏகாம்பரம் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு சாயங்காலம் வாங்க" என்றாள் தங்கம்.

நானாக இருந்தால் திங்கட்கிழமை என்றிருப்பேன். பேரிங் செங்கல்பட்டில்தான் கிடைக்கும். காலை முதல் பஸ்ஸில் அவளே போகிறாளாம். நம்பரை எழுதித் தரச் சொன்னாள். கொடுத்தேன்.